விதைத்த எட்டாம் நாள் வயலை எண்ணிப் பாருங்கள்
சூரியகாந்தியில் சொட்டை விழுந்த இடங்களும் களையும்: சரிசெய்யும் வழிகள்

ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, ஆய்க்குடி, சுரண்டை வட்டாரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால், குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் அப்படியே இந்தப் பக்கமும் வந்துவிடுகிறார்கள். சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு வயல் முழுக்க மஞ்சள். விதைத்தவர் கண் மட்டும் வேறு இடத்துக்குப் போகும். மேற்கு ஓரத்தில் நாலு பார் காலியாக இருக்கும். மடை வாயருகே ஒரு சொட்டை, அதில் சாரணையும் கோரையும் மண்டிக் கிடக்கும். நடுவில் முழங்கால் உயரத்தில் நின்றுபோன செடிகள் இருக்கும்.

பூக்கும் காலத்தில் அந்தச் சொட்டையைப் பார்த்து வருத்தப்பட்டுப் பயன் இல்லை. அதைச் சரிசெய்யும் நாள் விதைத்த எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரைதான். அதற்குள் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும்: எத்தனை செடி போயிருக்கிறது என்று எண்ணுவது, ஏன் போனது என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பது, எந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது என்று முடிவு செய்வது. களை எடுப்பது இந்த மூன்றோடும் சேர்ந்த வேலை. காலி இடத்தை நாம் நிரப்பாவிட்டால் களை நிரப்பும்.

நெல்லைப் போல் தூர் கட்டாது

நேரடி விதைப்பு நெல்லில் அங்கங்கே செடி குறைந்தாலும் பக்கத்துச் செடி தூர் கட்டி இடத்தை மூடிக்கொள்ளும். சூரியகாந்திக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு விதைக்கு ஒரு தண்டு, ஒரு பூ. பக்கத்தில் ஒரு செடி இல்லாவிட்டால் இருக்கிற செடி பூவைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு குழி விட்டுப்போனால் இரண்டு பக்கத்துச் செடிகளும் சேர்ந்து நட்டத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். தொடர்ந்து ஏழெட்டுக் குழி போய்விட்டால் நடுவில் உள்ள வெளிச்சத்தையும் உரத்தையும் எட்டிப் பிடிக்க எந்தச் செடியாலும் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீரிய ஒட்டு ரகத்துக்குப் பாருக்குப் பார் 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. அப்படியானால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடிகள். ஏக்கருக்கு 800 கிலோ விளையும் இறவை வயலில் ஒரு பூவுக்குச் சராசரியாக 36 கிராம் விதை வருகிறது. நூற்றுக்குப் பதினைந்து குழி போனால் 3,300 செடி குறையும். அவை வயல் முழுக்க ஒன்றிரண்டாகச் சிதறிப் போயிருந்தால் பெரிய நட்டம் தெரியாது. அதே 3,300 செடியும் நாலைந்து இடங்களில் கூட்டமாகப் போயிருந்தால் 100 கிலோவுக்கு மேல் கையை விட்டுப் போய்விடும். ஆகவே எத்தனை போனது என்பதோடு எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்ணும் முறை

விதைத்த ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் முளைக்க வேண்டியதெல்லாம் முளைத்துவிடும். எட்டாம் நாள் காலையில் 3 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்த்தால் வயல் எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

ஒரு பாரில் கயிற்றை நீட்டினால் 30 செ.மீ. இடைவெளியில் 10 குழி இருக்க வேண்டும். எத்தனை குழியில் உயிருள்ள செடி இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இதுபோல் வயலின் மேட்டில், பள்ளத்தில், மடை வாயருகே, ஓரத்தில், நடுவில் என்று பத்து இடங்களில் எண்ணுங்கள். மொத்தம் 100 குழி. நீங்கள் எண்ணிய செடிகளின் தொகையே உங்கள் வயலின் முளைப்பு சதவீதம்.

85-க்கு மேல் இருந்தால் ஒற்றைக் குழிகளை அப்படியே விட்டுவிடலாம். தொடர்ந்து மூன்று குழிக்கு மேல், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் காலியான இடங்களை மட்டும் நிரப்புங்கள். 60-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் இரண்டு குழி சேர்ந்து போன இடங்களையும் நிரப்ப வேண்டும். பாதிக்கும் கீழே போய்விட்டால் நிரப்புவதை விட, உழுது மறுபடி விதைப்பதா என்று யோசிக்க வேண்டும். இது வயலில் நின்று முடிவெடுக்க உதவும் கையளவுக் கணக்கு. உங்கள் மண், தண்ணீர், கையில் உள்ள ஆள் ஆகியவற்றைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் காரணம், பிறகு விதை

பெரும்பாலோர் செய்யும் தவறு, சொட்டையைப் பார்த்ததும் மீதி விதையைக் கொண்டுபோய் ஊன்றுவது. முதல் விதை எதனால் போனதோ அதே காரணத்தால் இரண்டாவது விதையும் போகும். விதையும் கூலியும் இரண்டு மடங்கு வீண். அதற்கு முன் சொட்டை விழுந்த இடத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் களைக்கொத்தால் மெதுவாக மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதையே உங்களுக்குப் பதில் சொல்லும்.

விதை காய்ந்து, போட்டபடியே கிடக்கிறதா? ஈரம் போதவில்லை. சாரல் காலத்தில் வானம் மூடியிருந்தாலும் நம் பகுதியில் மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். தூறல் மேல்மண்ணை நனைக்கும். காற்று அதை அரைநாளில் உலர்த்திவிடும். பாரின் உச்சியில் ஊன்றிய விதைதான் முதலில் காயும். விதையைப் பாரின் பக்கவாட்டில், தண்ணீர் ஏறும் மட்டத்தில், 3 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். விதைத்தவுடன் ஒரு தண்ணீர், நாலாம் அல்லது ஐந்தாம் நாள் உயிர்த்தண்ணீர் என்பதைத் தூறலை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

விதை ஊறி, அழுகி, நசுக்கினால் கூழாக இருக்கிறதா? தண்ணீர் தேங்கியிருக்கிறது. மடை வாயருகேயும் பள்ளத்திலும் இது அதிகம். அங்கே விதைக்கும் முன் வடிகால் வெட்டுங்கள். மேட்டிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துப் பள்ளத்தில் போட்டாலும் போதும்.

முளை விட்டு, வளைந்து, மேலே வர முடியாமல் மண்ணுக்கடியில் சுருண்டிருக்கிறதா? மேல்மண் இறுகிவிட்டது. செம்மண்ணில் ஒரு பலத்த மழைக்குப் பிறகு வெயில் அடித்தால் ஓடு போலக் காய்ந்துவிடும். இதற்கு மருந்து லேசான ஒரு தண்ணீர். ஓடு நனைந்து இளகியதும் பல முளைகள் தாமாகவே வெளியே வந்துவிடும். ஆகவே இந்த இடத்தில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு விதையுங்கள். அடுத்த பருவத்துக்கு மட்கிய தொழு உரத்தைக் கூடுதலாகப் போட்டால் இந்த இறுக்கம் குறையும்.

குழி கிளறப்பட்டு விதையே இல்லையா? விதையிலைகள் மட்டும் கொத்தப்பட்டு மொட்டைக் குச்சியாக நிற்கிறதா? மயில், காகம், மைனா, அணில் வேலை. மலையடிவாரத்தை ஒட்டிய வயல்களில் இது பெரிய காரணம்.

செடி தரைமட்டத்தில் வெட்டி விழுந்து கிடக்கிறதா? வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள் பதுங்கி இரவில் வெட்டும். வெட்டுப்பட்ட செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு கிடைக்கும். கையால் பொறுக்கி அழித்துவிட்டு விதையுங்கள்.

தண்டின் அடி நைந்து, இளைத்து, செடி சாய்ந்து கிடக்கிறதா? நாற்றழுகல். தண்ணீரைக் குறைக்க வேண்டும். மறுபடி போடும் விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் கலந்து நேர்த்தி செய்யுங்கள். கம்பெனி விதை ஏற்கனவே மருந்து பூசி வந்திருந்தால் பையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த அடையாளமும் இல்லாமல் வயல் முழுக்க ஒரே சீராக முளைப்பு குறைந்திருக்கிறதா? விதையைச் சந்தேகியுங்கள். சான்று பெற்ற சூரியகாந்தி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். மீதமிருக்கும் விதையில் 100 எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். ரசீதையும் பையையும், அதில் தைத்திருக்கும் அட்டையையும் எறியாமல் வைத்திருங்கள். அவை இல்லாமல் விதை பற்றிப் புகார் செய்ய முடியாது. சொந்தமாக ரக விதை எடுத்து வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறுவடையான சூரியகாந்தி விதைக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் உறக்க காலம் உண்டு. அதற்குள் விதைத்தால் முளைப்பு குறையும். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கவே கூடாது. செடிகள் உயரத்திலும் பூக்கும் நாளிலும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

நிரப்ப மூன்று வழி

முதல் வழி, ஊறவைத்த விதை. எட்டாம் நாள் எண்ணி முடித்த அன்று மாலையே விதையை ஊறவைத்து, மறுநாள் நிழலில் உலர்த்தி, குழிக்கு இரண்டாக 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, கையால் தண்ணீர் ஊற்றுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். முதல் செடிகளுக்கும் இவற்றுக்கும் எட்டொன்பது நாள் வித்தியாசம் இருக்கும். இதற்கு மேல் தள்ளினால் பயன் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டு, பதினைந்து நாள் கழித்து ஊன்றிய விதை முளைக்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்துச் செடியின் நிழலில் வெளிறி நெடுத்து, கைப்பிடி அகலப் பூவோடு நின்றுவிடும்.

இரண்டாவது வழி, கலைத்த செடியை எடுத்து நடுவது. பத்தாம் நாள் குழிக்கு ஒரு நல்ல செடியை விட்டு மற்றதைக் கலைக்கிறோம். பிடுங்கி எறியும் அந்தச் செடியையே சொட்டையில் நடலாம். ஆனால் சூரியகாந்திக்கு ஆணிவேர். வெறுமனே பிடுங்கி நட்டால் பிழைக்காது. முந்தின நாள் தண்ணீர் கட்டி, மாலை வெயில் தாழ்ந்த பிறகு, சிறு கரண்டியாலோ களைக்கொத்தாலோ வேர் மண்ணோடு பெயர்த்தெடுத்து, அப்படியே குழியில் வைத்து அணைத்து, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். தூறல் உள்ள மூடாப்பு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே குழியில் நெருக்கமாக நிற்கும் இரண்டில் ஒன்றைப் பெயர்க்கும்போது நிற்க வேண்டிய செடியின் வேரும் அறுபடலாம். அப்படிப்பட்ட குழிகளை விட்டுவிட்டு, செடிகள் தள்ளித் தள்ளி நிற்கும் குழிகளில் எடுங்கள்.

மூன்றாவது வழிதான் மூன்றிலும் சிறந்தது. ஆனால் அதை விதைக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். வயலில் விதைக்கும் அன்றே ஏக்கருக்கு ஆயிரம் செடி தனியாக வளர்த்து வையுங்கள். பருத்தி விவசாயிகள் பாலித்தீன் பையில் நாற்று வளர்த்துப் பத்தாம் நாள் இடைவெளி நிரப்புவது பழகிய முறை. அதே வேலையை இங்கே குழித்தட்டில் செய்யலாம். 98 குழி கொண்ட தட்டுகள் பத்து இருந்தால் போதும். தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. ஏக்கருக்கு வாங்கிய ஏறத்தாழ 2 கிலோ விதையில் 100 கிராம் ஒதுக்கினாலே தாராளம். தட்டை மயிலும் அணிலும் அண்டாத இடத்தில் வையுங்கள். நாள் முழுக்க நிழலில் வைத்தால் நாற்று நெடுத்துவிடும். பத்து முதல் பன்னிரண்டு நாளுக்குள் வேர்க்கட்டியோடு எடுத்து நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் தட்டில் விட்டால் ஆணிவேர் மடங்கிவிடும். இந்தச் செடிக்கும் வயல் செடிக்கும் வயது ஒன்று என்பதால் சேர்ந்தே வளர்ந்து சேர்ந்தே பூக்கும்.

எந்த வழியில் நிரப்பினாலும் அதே ரகம், அதே விதைப்பையாக இருக்கட்டும். கடையில் கிடைத்த வேறு ரகத்தை வாங்கிச் செருகாதீர்கள். சூரியகாந்தி அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர். தேனீ வந்தால்தான் விதை பிடிக்கும். வயல் ஒன்றாகப் பூக்கும் நாட்களில்தான் தேனீ கூட்டமாக வரும். பிந்திப் பூக்கும் செடிக்குத் தேனீ குறைவு, பதர் அதிகம். அறுவடையிலும் அதுதான் தொல்லை. மற்ற பூக்களின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளாக மாறி அறுப்புக்கு வந்திருக்கும்போது இவை பச்சையாக நிற்கும். சேர்த்து அறுத்தால் களத்தில் ஈர விதை கலந்து பூசணம் பிடிக்கும். விட்டுவைத்தால் கிளிக்குத்தான் விருந்து.

பெரிய சொட்டையில் உளுந்து

பன்னிரண்டாம் நாளும் தாண்டிவிட்டது, அரை சென்ட், ஒரு சென்ட் அளவுக்கு மொத்தமாகக் காலியாகிவிட்டது என்றால் அங்கே மறுபடி சூரியகாந்தியைத் திணிக்க வேண்டாம். உளுந்தோ பாசிப்பயறோ விதையுங்கள். 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். சூரியகாந்திக்கு 85 முதல் 90 நாள் என்பதால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் அறுவடைக்கு வரும். தரையை மூடி வளர்வதால் களையை அமுக்கும், வீட்டுக்குப் பருப்பும் கிடைக்கும். கீரை விதைத்தாலும் சரிதான். நிலம் மட்டும் சும்மா கிடக்கக் கூடாது.

காலி இடம் களையின் இடம்

சூரியகாந்தி முதல் முப்பது நாள் மெதுவாகத்தான் வளரும். அதன் பிறகு இலை விரிந்து நிழல் விழுந்துவிட்டால் பெரும்பாலான களையை அதுவே அடக்கிவிடும். சொட்டை விழுந்த இடத்தில் மட்டும் அந்த நிழல் கடைசி வரை விழாது. அங்கே விதைக்கும் களை அடுத்த பருவத்துக்கு வயல் முழுக்கப் பரவும்.

முதல் களை 15-ஆம் நாள், இரண்டாவது 30-ஆம் நாள் என்பது பொது விதி. சொட்டைகளில் மட்டும் நிரப்பும் அன்றே களையைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். களைக்கு நடுவில் நட்ட செடி ஒருநாளும் தேறாது. இரண்டாம் களையோடு மண்ணையும் அணைத்துவிட்டால் ஆடிக் காற்றில் செடி சாயாது.

எந்தக் களை என்று பார்த்து வேலை செய்ய வேண்டும். சாரணை முதல் ஈரத்தில் கூட்டமாக முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் பூத்து விதை கொட்டிவிடும். அதற்குள் எடுக்க வேண்டும். எடுத்ததை வயலிலேயே போட்டால் சாரல் ஈரத்தில் மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும். வெயில் இல்லாத நாட்களில் கூடையில் அள்ளி வரப்புக்கு வெளியே கொண்டுபோங்கள். கோரையை மேலே செதுக்கினால் நாலு நாளில் தளிர்க்கும். கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். சொட்டை சிறிய இடம்தானே. மண்வெட்டியால் கொத்திக் கிழங்கைப் பொறுக்குவது அங்கே கூடிவரும் வேலை. அருகுக்கும் அதே முறைதான். வயல் முழுக்கக் கோரை என்றால் கோடை உழவில்தான் தீர்க்க முடியும்.

பார்த்தீனியம் வந்தால் அலட்சியம் வேண்டாம். சூரியகாந்தியில் இலையும் தண்டும் கருகி, பூ கோணிப்போகும் நெக்ரோசிஸ் நோய்க்குக் காரணமான புகையிலைக் கீற்று வைரஸ், பார்த்தீனியத்தில் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். அதன் மகரந்தத்தைச் சுமக்கும் இலைப்பேன்கள் வைரஸைச் சூரியகாந்திக்குக் கொண்டுவருகின்றன. இந்தியாவில் 1997-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட இந்த நோய்க்கு, வந்த பின் மருந்து இல்லை. வயலில் மட்டுமல்ல, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். கையுறை அவசியம், பலருக்கு அரிப்பு வரும். சூரியகாந்தியைச் சுற்றி மூன்று நான்கு வரிசை சோளம் விதைத்திருந்தால் இலைப்பேன் உள்ளே வருவது குறையும்.

களைக்கொல்லியில் கவனம்

சூரியகாந்தியில் களை முளைக்கும் முன் தெளிக்கப் பரிந்துரைக்கப்படுவது பெண்டிமெத்தலின். விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, விசிறி முனை பொருத்திய கைத்தெளிப்பானால் சீராகத் தெளிக்க வேண்டும். அளவைப் பாட்டில் சீட்டிலும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். முளைத்து நிற்கும் களையை இது கொல்லாது. எட்டாம் நாள் களையைப் பார்த்துவிட்டு இதை வாங்கித் தெளித்தால் பணம்தான் வீண். தெளித்த வயலில் சொட்டையை நிரப்பும்போது மண்ணைப் பரவலாகக் கிளறாமல் குழியை மட்டும் போட்டு ஊன்றுங்கள். கிளறினால் மருந்துப் படலம் உடைந்து களை கிளம்பும்.

சில சொட்டைகளுக்குக் காரணம் பக்கத்து வயலில் இருக்கும். நெல்லில் அகன்ற இலைக் களைக்குத் தெளிக்கும் 2,4-டி சூரியகாந்திக்கு நஞ்சு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மருந்துத் துளி பறக்காதா? காற்று வீசும் பக்கமாக ஓரத்துச் செடிகள் மட்டும் முறுக்கிக்கொண்டு, இலை சுருங்கி நின்றால் இதைச் சந்தேகியுங்கள். மக்காச்சோளத்துக்குப் போடும் அட்ரசினும் அப்படித்தான். அது மண்ணில் தங்கி, அடுத்து விதைக்கும் சூரியகாந்தியையும் பாதிக்கும். சென்ற பருவத்தில் அந்த வயலில் என்ன தெளித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து வயல்காரரிடம் விதைப்புக்கு முன்பே பேசி, காற்று அடங்கிய விடியற்காலையில் தெளிக்கச் சொல்லுங்கள். செடி சுருண்ட பிறகு பேசினால் அது சண்டையில் முடியும். நீங்கள் பயன்படுத்தும் தெளிப்பானில் முன்பு 2,4-டி தெளித்திருந்தால் அதைச் சூரியகாந்திக்கு எடுக்கவே வேண்டாம். கழுவினாலும் மிச்சம் இருக்கும்.

மயிலுக்கு விஷம் வைக்காதீர்கள்

நிரப்பிய இடம் மறுபடி காலியாவதற்கு முக்கியக் காரணம் பறவைகள். முதல் தடவை ருசி கண்ட இடத்துக்கே மயில் திரும்ப வரும். கோபம் வருவது இயல்பு. ஆனால் விஷம் கலந்த தானியத்தைத் தூவாதீர்கள். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. கொன்றால் சிறைத் தண்டனை உண்டு. அந்த விஷத்தைக் கோழியும் தின்னும், ஆடும் தின்னும்.

காவல் தேவைப்படுவது விதைத்த நாளிலிருந்து முதல் நான்கு இலை வரும் வரைதான். விடிந்ததும் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆள் இருந்தால் பெரும் சேதத்தைத் தவிர்க்கலாம். பளபளக்கும் நாடாவைப் பாருக்குக் குறுக்கே முறுக்கிக் கட்டினால் காற்றில் ஓசையும் வரும். ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் பறவை பழகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். நிரப்பிய சொட்டைகளை மட்டும் பழைய மீன்வலையால் பத்து நாள் மூடி வைப்பதும் செலவு குறைந்த வழி. ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தால் பறவைக் கூட்டம் பல வயல்களுக்குப் பிரிந்துவிடும். தனியாக முந்தி விதைத்தவரும் பிந்தி விதைத்தவரும்தான் அதிகம் இழக்கிறார்கள்.

காலடியில் விழும் சொட்டை

சாலையோர வயல்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, படம் எடுக்க உள்ளே இறங்குகிறவர்கள். பூக்கும் நேரத்தில் மிதிபட்டுச் சாய்ந்த செடியை எந்த முறையாலும் நிரப்ப முடியாது. ஆகவே விதைக்கும்போதே இதற்கு வழி செய்துவிடுங்கள். சாலையை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு விதைக்காமல் ஒரு நடைவழி விட்டு, உள்பக்கம் கயிறு கட்டிவிட்டால், வருகிறவர்கள் ஓரத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போவார்கள். மூன்றடி நிலத்தை விடுவதா என்று தோன்றும். விடாவிட்டால் பத்தடி மிதிபடும். அந்த நடைவழியில் களை வராமல் செதுக்கி வையுங்கள்.

மறு விதைப்பா, வேண்டாமா?

எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கணக்குப் பாருங்கள். மறுபடி உழவு, விதை, கூலி எவ்வளவு? கிணற்றில் இன்னும் 85 நாளுக்குத் தண்ணீர் இருக்குமா? பத்து நாள் பிந்தினால் பூக்கும் நேரத்திலும் அறுவடை நேரத்திலும் மழையில் மாட்டுமா? எல்லாவற்றுக்கும் சாதகமான பதில் வந்தால் பன்னிரண்டு நாளுக்குள் மறு விதைப்புச் செய்யுங்கள். ஒன்றுக்காவது பாதகம் என்றால் இருக்கிற செடியைக் காப்பாற்றி, இடையில் உளுந்து விதைப்பதே நல்லது. அரைகுறையாக நிரப்பிவிட்டு முழு வயலுக்கும் உரம், தண்ணீர், மருந்து செலவழிப்பதுதான் இருக்கிற வழிகளில் அதிக நட்டம் தருவது.

1969-இல் ரஷ்ய ரகங்களோடு சூரியகாந்தி நம் நாட்டு வயல்களுக்கு வந்தது. இன்றும் நம் சமையலுக்கான சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்துதான் இறக்குமதியாகிறது. 2022-இல் அங்கே போர் மூண்டதும் இங்கே எண்ணெய் விலை ஏறியதை எல்லாரும் பார்த்தோம். தேவை இருக்கிறது. நம் கையில் உள்ளது, விதைத்த ஒவ்வொரு சென்ட்டையும் விளையச் செய்வதுதான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

வயல் ஆய்வு என்றால் பெரும்பாலும் பூக்கும் தருணத்தில்தான் போகிறோம். சூரியகாந்திக்கு எட்டாம் நாள் ஒரு நடை போய்வருவது பல மடங்கு பலன் தரும். ஊரில் விதைப்புத் தேதியைக் குறித்து வைத்து, எட்டாம் நாள் கயிறோடு போய் இரண்டு வயல்களில் எண்ணிக் காட்டுங்கள். அடுத்த பருவத்தில் அவர்களே எண்ணுவார்கள். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து ஒரே இடத்தில் குழித்தட்டு நாற்று வளர்க்க ஏற்பாடு செய்தால் தட்டுச் செலவும் காவல் செலவும் பகிர்ந்துபோகும்.

நாள் கணக்கு

விதைக்கும் நாள்: 100 கிராம் விதையை ஒதுக்கிக் குழித்தட்டில் போடுங்கள். விதைத்தவுடன் தண்ணீர் கட்டுங்கள். பறவைக் காவல் தொடங்குங்கள்.
3-ஆம் நாள்: தேவைப்பட்டால் பெண்டிமெத்தலின்.
4 அல்லது 5-ஆம் நாள்: உயிர்த்தண்ணீர்.
8-ஆம் நாள்: பத்து இடங்களில் எண்ணுங்கள். சொட்டையைக் கிளறிக் காரணம் பாருங்கள்.
9 முதல் 12-ஆம் நாள்: களையெடுத்து நிரப்புங்கள். பத்தாம் நாள் குழிக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுங்கள். மீதிச் சொட்டையில் உளுந்து.
15-ஆம் நாள்: முதல் களை.
30-ஆம் நாள்: இரண்டாம் களை, மண் அணைப்பு. வரப்புப் பார்த்தீனியம் பிடுங்குதல்.

காரணம் புரியாமல் செடி போய்க்கொண்டே இருந்தால் பாதிக்கப்பட்ட செடி இரண்டையும் நல்ல செடி ஒன்றையும் வேர் மண்ணோடு பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். செல்போனில் எடுத்த படத்தை விட அந்த வேர் மண் அவர்களுக்கு அதிகம் சொல்லும். போகிற நாள் எட்டாம் நாளாகவோ ஒன்பதாம் நாளாகவோ இருக்கட்டும். இருபதாம் நாள் போனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம். செடியைத் திரும்பப் பெற முடியாது.